நவீன பௌதிகத்தின் முதற்பாடம்

(நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் குறிக்கப்பட்ட பொருள், கல்லூரியில் நவீன பௌதிகம் பயில்தல் என்பது. இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வரும் எமக்கும் அணுவின் உள்ளமைப்புக்கும் யாது தொடர்பு என வினவுவார் இவ்வவையில் இருத்தல் கூடும். அவ்வினா நேரியதே. அதற்கு விடை கூறிப் பின்னர்ப் பொருளுட் புகுவோம்.

சென்ற கல்வியாண்டில் நம் சங்கத்துக் குடும்பங்களைச் சார்ந்த பிள்ளைகள் மூவர், ஆண்மக்கள் இருவரும் பெண்மகள் ஒருத்தியுமாக, பி.எஸ்ஸி. வகுப்பில் பௌதிகம் பயின்றனர். மூவரும் பள்ளியில் எம்மிடம் தமிழ் கற்றவர்கள். நவீன பௌதிகம் என்னும் பாடம் தொடங்கிய இரண்டாந் திங்களில் அவருள் ஒருவர் எம்மை நாடி வந்து, "ஐயா, இப்பாடம் எனக்கு விளங்கவில்லை, கல்லூரியை விட்டு நின்றுவிடலாம் என்று எண்ணுகிறேன்" என்றார். அவர் அறிவிற் குறைந்தவரல்லர், உழைப்பிற்கு அஞ்சுபவருமல்லர். ஆகவே அவருக்கு வெறும் அறிவுரை கூறி அனுப்ப எம் மனம் ஒப்பவில்லை. அப்பாடநூலில் ஒரு பிரதியை யாமும் வாங்கி, ஞாயிறுதோறும் மூவரோடும் உடனமர்ந்து, முதல் அதிகாரம் தொடங்கி இறுதிவரை படித்தோம். பிள்ளைகள் எமக்குக் கணக்கின் படிகளைக் காட்டினர். யாம் அவர்களுக்கு வாக்கியங்களின் பொருளைப் பிரித்துக் காட்டினோம். இப்பொருள் பற்றிப் பேச எமக்குள்ள உரிமை இவ்வளவே.

நவீனம் என்னும் சொல்லைக் கேட்டு இது நேற்றுத் தோன்றிய நூல் என்று எண்ணற்க. முதற்பாடத்தில் அடங்குவன பெரும்பாலும் 1895-ஆம் ஆண்டிற்கும் 1932-ஆம் ஆண்டிற்கும் இடையே அறியப்பட்டவை. முன்னதில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். பின்னதில் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். இடைப்பட்ட நாற்பதாண்டிற்குட்பட்ட காலத்தில், இருநூறாண்டுகளாக ஐயமின்றி வழங்கிய கருத்துக்கள் பலவும் மறு பரிசீலனைக்கு உள்ளாயின. இவற்றை நம் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்துச் செய்தி எனலாம். இருந்தும் நம் வீடுகளுட் பெரும்பாலானவற்றில் இவை இன்னும் புகவில்லை. கையிலுள்ள தொலைபேசியில் மட்டும் புகுந்துவிட்டன.

இந்நூலுக்கு அடிப்படைக் கற்கள் இரண்டு. ஒன்று, ஒளியின் வேகம். அது வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர். மற்றொன்று, பிளாங்க் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் 1900-ஆம் ஆண்டில் கண்ட ஒரு மிகச் சிறிய எண். முதற்கல்லின்மேல் எழுந்தது சார்பியல். இரண்டாவதன்மேல் எழுந்தது குவாண்டம் கொள்கை.

முதலிற் சார்பியலைக் கூறுவோம். ஓடுகின்ற வண்டியிலிருந்து முன்னோக்கி எறிந்த கல்லுக்கு வண்டியின் வேகமும் சேரும் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் வண்டியிலிருந்து பாய்ச்சிய ஒளிக்கு அவ்வாறு சேர்வதில்லை. எவர் எந்நிலையில் நின்று அளப்பினும் வெற்றிடத்தில் ஒளியின் வேகம் ஒன்றே. இதனை மெய்யென்று கொண்டு 1905-இல் ஐன்ஸ்டீன் மேற்செல்லவே, ஓடுகின்ற கடிகாரம் நிற்பவர் கணக்கில் மெதுவாகச் செல்லும் என்னும் முடிவு தானே பிறந்தது.

இதனைக் கேட்டவுடன் நம்மவர் நகைப்பர். அவர் பொருட்டு ஒரு சான்று கூறுவோம். வானின் உயரத்தில், ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு மேல், மியூவான் என்னும் நுண்துகள்கள் இடையறாது தோன்றுகின்றன. அவற்றின் சராசரி ஆயுள் ஒரு வினாடியைப் பத்து இலட்சங் கூறிட்டால் அதில் 2.2 கூறு. அவ்வளவு நேரத்தில் ஒளிகூட 660 மீட்டர்தான் செல்லும். ஆகவே பழைய கணக்கின்படி அவற்றுள் ஏறக்குறைய ஒன்றும் தரைக்கு வந்து சேர்தல் இயலாது. ஆனால் வருகின்றன, இந்த மண்டபத்தின் கூரையையும் கடந்து நம் உடல்களின் ஊடே இந்நொடியும் செல்கின்றன. ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 99.8 பங்கு வேகமுடைய மியூவானுக்கு நம் கணக்கில் ஆயுள் ஏறத்தாழ 16 மடங்காக நீள்கிறது; அது 10 கிலோமீட்டர் வரை வரலாகும். 1941-இல் ராஸியும் ஹாலும் இதனை அளந்தே காட்டினர்.

ஆயின் நியூட்டன் கூறியது பொய்யாயிற்றோ எனின், அன்று. இங்கே இலக்கணம் கற்றார்க்கு ஓர் எளிமை உண்டு. பொதுவிதி, சிறப்புவிதி என இருவகை விதிகளை நாம் அறிவோம். நெடுங்காலம் பொதுவிதி என்று கருதியிருந்த நியூட்டனது விதி, குறைந்த வேகத்திற்கு மட்டும் பொருந்தும் சிறப்புவிதியாயிற்று. ஐன்ஸ்டீனது விதி இரண்டையும் அடக்கிய பொதுவிதியாயிற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் பேருந்தில் இரண்டு கோடி ஆண்டுகள் ஓயாது பயணம் செய்தால், அதிலுள்ள கடிகாரம் ஒரே ஒரு வினாடி பின்தங்கும். அதனாலன்றோ நம் முன்னோர் எவரும் இவ்வேறுபாட்டைக் கண்டிலர்! ஆனால் வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களுக்கு இது பொருட்படுத்தத் தக்கது. வேகத்தாலும், உயரத்தில் புவியீர்ப்புக் குறைவதாலும் உண்டாகும் வேறுபாடுகளைக் கழித்துக் கூட்டினால், நாளொன்றுக்கு அவை வினாடியின் பத்திலட்சத்தில் 38 பங்கு முந்துகின்றன. இதனைத் திருத்தாது விட்டால் ஒரே நாளில் கணக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் பிழைபடும். மணமண்டபத்திற்கு வழி கேட்டவர் அடுத்த ஊர்க் குளக்கரைக்குச் சென்று நிற்பர்.

இனிக் குவாண்டம் கொள்கை. ஒளியானது அலை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐயந்திரிபற நிறுவப்பட்டது. ஆனால் உலோகத் தகட்டின்மேல் ஒளி படும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படும் செய்தியில் ஒரு முரண்பாடு தோன்றியது. சோடியத்தின்மேல் சிவப்பொளியை எவ்வளவு மிகுதியாகப் பாய்ச்சினும் எலெக்ட்ரான் வெளிவருவதில்லை. ஊதா ஒளியோ மங்கலாக இருப்பினும் உடனே வெளியேற்றுகிறது. ஐன்ஸ்டீன் கூறிய காரணம் இது: ஒளி தன் ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகவே கொடுக்கிறது. சோடியத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானை விடுவிக்க ஏறத்தாழ 2.3 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சிவப்பொளியின் பொட்டலம் ஒவ்வொன்றும் 1.9 மட்டுமே உடையது, ஊதாவினது 3.1 உடையது. நூறு ரூபாய்த் தாள் ஒன்றை ஏற்றாலன்றித் திறவாத வாயிலில், ஐம்பது ரூபாய்த் தாள்கள் ஆயிரம் வைத்திருப்பவர் ஒவ்வொன்றாக நீட்டி என்ன பயன்? அமெரிக்க அறிஞர் மில்லிகன் இக்கொள்கையை நம்பாதவராய்ப் பல்லாண்டு ஆராய்ந்தார். 1916-இல் வெளியிட்ட தம் அளவுகளே அதற்குச் சான்றாகி நின்றதைக் கண்டார். நம்பாதவரது கையே நிறுவியது என்பது இந்நூலின் நேர்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

அங்ஙனமாயின் ஒளி அலையோ, துகளோ? எம்முடன் படித்த பிள்ளைகள் மூவரும் தடுமாறி நின்ற இடம் இதுவே. அப்போது யாம் அவர்களுக்கு வினையாலணையும் பெயரை நினைவூட்டினோம். "வந்தவன்" என்னும் சொல் காலங் காட்டுதலால் வினைபோல் நிற்கிறது. "வந்தவனை" என வேற்றுமை ஏற்றலால் பெயர்போல் நிற்கிறது. அது பாதி பெயரும் பாதி வினையும் அன்று. இரண்டின் இயல்பையும் உடைய ஒரு தனிச்சொல். எவ்விடத்தில் எவ்வியல்பு வெளிப்படும் என்பதற்கு விதி உண்டு. அதுபோலவே ஒளியும். பின்னர் 1924-இல் டி பிராய் என்னும் பிரெஞ்சு இளைஞர், எலெக்ட்ரான் முதலிய பருப்பொருளுக்கும் இவ்விரட்டை இயல்பு உண்டு என்றார். 1927-இல் டேவிஸனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் அதனை மெய்ப்பித்தனர். உவமை எல்லா வகையிலும் ஒத்தல் வேண்டுவதில்லை. அது வாயிலைத் திறந்தால் போதும். உள்ளே நடப்பதற்குக் கணக்கே கால்.

அணுவைப் பற்றியும் ஒரு செய்தி கூறுவோம். அது ஆசிரியத் தொழிலினர்க்குப் பெருமை தருவது. ஹைட்ரஜன் வாயுவில் மின்சாரத்தைச் செலுத்தி, அதன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பிரித்தால், தனித்தனிக் கோடுகள் தோன்றும். ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பாஸல் நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பித்து வந்த பால்மர் என்னும் ஆசிரியர், ஏறத்தாழ அறுபது வயதில், 1885-ஆம் ஆண்டில், அக்கோடுகளின் அலைநீளங்களை ஒரே வாய்பாட்டில் அடக்கினார். 364.56 என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. 3, 4, 5, 6 என்னும் எண்களின் வர்க்கத்தால் அதனைப் பெருக்கி, அவ்வர்க்கத்தில் நான்கு குறைத்து வந்ததால் வகுத்திடுக. முதலெண்ணுக்கு 9-ஆற் பெருக்கி 5-ஆல் வகுக்க 656.2 வரும், அடுத்தவை 486.1, 434.0, 410.1. அளந்து கண்ட கோடுகளும் நானோமீட்டர் கணக்கில் இவற்றோடு ஒத்தன. காரணம் யாதென அக்காலத்தில் எவர்க்கும் தெரியாது. 1911-இல் ரூதர்போர்டு அணுவின் நடுவே கருவுண்டு என்று நிறுவிய பின்னர், 1913-இல் டென்மார்க்கு தேசத்துப் போர், எலெக்ட்ரான் குறித்த சில படிகளில் மட்டுமே நிற்கும், படி இறங்கும்போது ஒளியை உமிழும் எனக் கொண்டு பால்மரது வாய்பாட்டிற்குக் காரணங் காட்டினார். இக்கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம். இன்றிரவு வீட்டில் செய்து பாருங்கள்.

நிற்க. இத்துணை இன்பம் உடைய பாடத்தை நம் பிள்ளைகள் விட்டோட எண்ணுவது ஏன்? உடனிருந்து கண்ட காரணங்கள் மூன்று.

முதலாவது, கணிதம். வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் கையிற் பழகாதவர்க்கு இப்பாடம் மூன்றாம் வாரத்திலேயே இருளாகிவிடும். பள்ளியில் மதிப்பெண் பெற்றமை வேறு. எழுதுகோல் தயங்காது கணக்கிடுதல் வேறு. பௌதிகம் விளங்கவில்லை என்று வருந்தும் பிள்ளைகளுட் பலர்க்கு உண்மையில் விளங்காதது அதற்கு முந்திய கணக்கின் படியே.

இரண்டாவது, மொழி. தமிழ்வழியில் பன்னிரண்டாண்டு கற்றுவந்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கிலநூலை எடுத்தவுடன், பொருள் அரிதா, சொல் அரிதா என்று பிரித்தறிய மாட்டாமல் தன்னையே அறிவிலி என்று எண்ணுகிறது. பள்ளி நூல்களில் இயற்பியல் என வழங்கும் இந்நூலுக்குக் கலைச்சொற்கள் தமிழில் உண்டு. முதலில் தமிழில் பொருளை வாங்கிக்கொண்டு, அதன்பின் ஆங்கிலச் சொல்லை அதன்மேல் ஏற்றுதல் எளிது. யாம் பக்கத்திற்கு இருபத்தியாக ஒரு குறிப்பேடு வைத்தோம். ஒரு புறம் ஆங்கிலச்சொல், மறுபுறம் தமிழ்ச்சொல்லும் ஒரு வரி விளக்கமும். ஆண்டிறுதியில் அதில் முந்நூறு சொற்கள் சேர்ந்தன. மலைபோலத் தோன்றிய மொழி முந்நூறு சொற்களில் அடங்கியது!

மூன்றாவது, நாணம். விளங்காததைக் கேட்டால் பிறர் நகைப்பர் என்று வாய்மூடி இருத்தல். நம் வீடுகளில் பெரியோரை எதிர்த்து வினவலாகாது என்று பழக்குகிறோம். மரியாதை வேறு, ஐயம் வினாவுதல் வேறு என்று கூறிப் பழக்குவதில்லை. இதனைப் பெற்றோர் சிந்தித்தல் வேண்டும்.

இம்மூன்றும் அறிவின் குறையல்ல, ஆயத்தத்தின் குறை. விட்டு நின்றுவிட எண்ணிய அம்மாணவர் நிற்கவில்லை. உயர்ந்த வகுப்பில் தேறினாரும் அல்லர், ஆயினும் தேறினார். இப்போது தம் தம்பிக்குத் தாமே கணக்குக் கற்பிக்கிறார்.

இனிப் பெற்றோர் கூறும் மறுப்பிற்கு வருவோம். "பௌதிகம் படித்தால் சோறு கிடைக்குமா?" என்பர். பிழைப்பை எண்ணுதல் குற்றமன்று. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தந்தைக்கு அதுவே முதற்கவலை. அவர்க்கு யாம் பொய்யுறுதி கூறமாட்டோம். இப்பட்டம் பெற்ற அன்றே வேலை ஓலை வருமென்று சொல்வதற்கில்லை. ஆனால் இப்பாடத்தால் வரும் பயிற்சி, ஆசிரியத்தொழில், வானிலை, மருத்துவமனைக் கதிர்வீச்சுப் பிரிவு, மின்னணுத் தொழில், கணினித்துறை எனப் பல வாயில்களுக்கு உதவும். மேலும் திருச்சிராப்பள்ளியிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சர் சி. வி. ராமன், 1907-இல் அரசாங்கக் கணக்குத்துறையில் உத்தியோகம் ஏற்றே கல்கத்தா சென்றார். பத்தாண்டு பகலில் அலுவலும், அதற்கு முன்னும் பின்னுமுள்ள நேரத்தில் ஆராய்ச்சியுமாக உழைத்தார். 1928-இல் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டார். 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். பிழைப்பும் கல்வியும் ஒன்றையொன்று கொல்ல வேண்டுவதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

முதற்பாடம் ஒருவரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு மற்றுமொரு சான்று. 1928-இல் ஜெர்மானியப் பேராசிரியர் ஸம்மர்பெல்டு சென்னைக்கு வந்தார். அணுவைப் பற்றி அவர் எழுதிய நூலை முற்றக் கற்றிருந்த மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகர், ஏறத்தாழ பதினெட்டு வயதினர், அவரைத் தேடிச்சென்று கண்டார். பேராசிரியரோ, அந்நூலில் உள்ளவை பழையனவாகிவிட்டன, குவாண்டம் கொள்கை முற்றிலும் புதியதாக மாறிவிட்டது என்று கூறி, அச்சாகவிருந்த தம் கட்டுரையின் படிகளை அவர் கையிற் கொடுத்தார். கற்றதெல்லாம் பழையதாயிற்று என்று கேட்டு அம்மாணவர் மனமுடைந்து அமரவில்லை. புதியதைக் கற்கத் தொடங்கினார். மறு ஆண்டே அவரது கட்டுரை இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1930-இல் கப்பலேறி இங்கிலாந்து செல்லும் வழியில், அணுவின் விதியையும் சார்பியலையும் ஒருங்கு சேர்த்து, வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983-இல் அவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். எம்முடன் பயின்ற மூவருள் கணக்கில் கூரியவள் பெண்மகளே. அவள் வீட்டில் இப்போது வரன் பேசப்படுகிறது. படிப்பு முடியட்டும் என்று அன்னையும், போதும் என்று பாட்டியாரும் கூறி வருகின்றனர். அவர்கள் குடும்ப முடிவில் யாம் தலையிடுவது முறையன்று. ஆயினும் அன்னா மணி என்னும் அம்மையாரின் செய்தியை அவ்வீட்டாரும் பிற வீட்டாரும் கேட்பாராக. 1918-இல் திருவிதாங்கூரைச் சார்ந்த பீர்மேட்டில் பிறந்த அவர், தம் எட்டாம் பிறந்தநாளில் வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுக்கப்பட்டபோது, அதனை விடுத்துக் கலைக்களஞ்சியத் தொகுதி வேண்டுமென்று கேட்டுப் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பௌதிகம் கற்றார். பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். பின்னர் நம் நாட்டு வானிலைக் கருவிகளை இங்கேயே செய்விக்கும் பணியை ஏற்று நடத்தினார். தோடு காதோடு நின்றிருக்கும். கல்வி நாட்டிற்குப் பயன்பட்டது.

ஆகவே சங்கத்தின் முன் வேண்டுகோள் மூன்றினை வைக்கிறோம். ஒன்று, கல்லூரி திறக்கும் முன்னர் ஒரு திங்கள், புதிதாகச் சேரும் அறிவியல் மாணவர்க்கு நம் கட்டிடத்தில் மாலைக் கணித வகுப்பு நடத்துதல் வேண்டும். நம்மிடையே ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் உளர். இரண்டு, நவீன பௌதிகப் பாடநூல் ஐந்து பிரதிகள் வாங்கிச் சங்க நூலகத்தில் வைத்தல் வேண்டும். எம்மிடமுள்ள சொற்குறிப்பேட்டை அதனோடு சேர்த்துக் கொடுக்க இசைகிறோம். மூன்று, கல்வி நிதியிலிருந்து பொறியியல், மருத்துவம் பயில்வார்க்கு அளிக்கும் உதவியில் ஒரு பங்கேனும் தூய அறிவியல் பயில்வார்க்கும், அவருள் பெண்களுக்கு முதன்மையாகவும் ஒதுக்குதல் வேண்டும். இவற்றால் ஆகும் செலவு, நம் ஆண்டுவிழாப் பந்தற் செலவினும் குறைவாகவே இருக்கும்.

மாணவர்களே, இப்பாடம் எளிதென்று கூறி உங்களை ஏமாற்றமாட்டோம். அது கடினமே. ஒரு பக்கத்தை மும்முறை படிப்பினும் விளங்காத நாட்கள் வரும். நான்காம் முறை படியுங்கள். கணக்கைக் கையால் போடுங்கள். அருகிலிருப்பவரை நாணாது கேளுங்கள். இயற்கையின் விதி, இன்ன ஊரார், இன்ன குலத்தார், இன்ன மொழியார் என்று பார்த்துத் தன்னை மறைப்பதில்லை. முயன்று கேட்பார் எவர்க்கும் ஒரே விடையையே தருகிறது. அவ்விடையைக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.